கிராம் கணக்கில் வெண்ணெய்

100 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்தே 25 கிராம். வலிப்பு நோய்க்கான கீட்டோ உணவில் 4:1 என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும், மற்றவை 4. பெருக்கிப் பாருங்கள்: 1,000 கலோரியில் 900 வெண்ணெய், எண்ணெய், கிரீம் வகையறாவிலிருந்தே வந்துவிடும். எடை குறைக்கப் பெரியவர்கள் சில மாதம் பிடித்துப் பின் கைவிடும் 'கீட்டோ' இதற்குத் தூரத்து உறவு, அவ்வளவே. இங்கே சாப்பிடுவது குழந்தை. ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்துத்தான் தட்டுக்கு வரும்.

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நிலை இதுதான். மூன்றாவது, நான்காவது மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இந்த இடத்தில்தான் சமையலறை சிகிச்சைக்குள் நுழைகிறது.

பட்டினி கிடந்தால் வலிப்பு தணிகிறது என்பது பழைய அனுபவம். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார்: வயிறு நிறையச் சாப்பாடு போட்டுக்கொண்டே, பட்டினியில் இருப்பதாக உடலை நம்பவைக்கலாம். 'கீட்டோஜெனிக்' என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. 1938இல் ஃபெனிடாயின் மருந்து வந்ததும், மாத்திரை விழுங்குவது எளிது என்று உலகம் இதை ஏறக்குறைய மறந்துவிட்டது.

மாவுச்சத்து வராமல் நின்றதும் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக்குகிறது. குளுக்கோஸை நம்பியிருந்த மூளை இந்த மாற்று எரிபொருளுக்கு மாறிக்கொள்கிறது. குளூட்-1 குறைபாடு என்ற பிறவிக் கோளாறில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். அந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கும். அதை மூளைக்குள் கொண்டுசேர்க்கும் புரதம்தான் பழுது. கீட்டோன்களோ வேறு வாசல் வழியாக உள்ளே போகின்றன. அதனால் இவர்களுக்கு இந்த உணவே முதல் சிகிச்சை.

குளுக்கோஸ் வாசல் பழுதில்லாத மற்றக் குழந்தைகளுக்கும் ஏன் வேலை செய்கிறது? ஒற்றை விடை கிடையாது. நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் அடினோசின், காபா போன்றவற்றின் பங்கு பேசப்படுகிறது. எம்.சி.டி. எண்ணெய் (நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் கொண்ட எண்ணெய்) சேர்க்கும் வகையில், அதிலுள்ள டெக்கனாயிக் அமிலம் நரம்புகளைத் தூண்டும் ஏற்பிகளை நேரடியாகவே தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. காரணம் முழுதாகப் புரியாமலே பலன் தரும் மருந்துகள் மருத்துவத்தில் உண்டு. இதையும் அந்த வரிசையில் வைக்கலாம்.

பலனுக்குச் சான்று இருக்கிறது. 2008இல் வெளியான லண்டன் ஆய்வில் 145 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். மூன்று மாதத்தில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கே. எல்லாருக்கும் பலிக்காது என்பதையும் அதே எண் சொல்கிறது.

மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி மந்தம் ஆகியவை வரலாம். வைட்டமின்களைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். கொழுப்பை எரிக்க இயலாத பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கு இது உயிராபத்து. ஆகவே முன்பரிசோதனை இல்லாமல் வீட்டில் தொடங்கவே கூடாது.

தொடங்கிய பிறகு இருமல் சிரப்பின் சர்க்கரைகூடக் கணக்கில் வரும். உள்ளே போகும் குளுக்கோஸ் கீட்டோன்களைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்ப வரவழைக்கக்கூடும். அதனால் பெற்றோர் பையில் ஒரு கடிதம் எப்போதும் இருக்கும். அவசரப் பிரிவு மருத்துவருக்கு அது சொல்வது: ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் ஒழிய, இந்தக் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம்.