இரவுக்கு மாறிய பகற் கண்

மாரி தொடங்கிவிட்டால் முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தை மின்குமிழைச் சுற்றி ஈசல் மொய்க்கும். பொழுதுபட்டுச் சற்று நேரத்தில் தீராந்தி இடுக்கிலிருந்து முதல் பல்லி தலை நீட்டும். உடனே இறங்கி வராது. அசையாமல் இருந்து பார்த்துவிட்டு, சுவரோடு ஒட்டியபடி வெளிச்சத்தின் ஓரம் வரை வந்து நிற்கும். பிறகு ஒரே பாய்ச்சல். ஈசலின் சிறகுதான் தரையில் விழும்.

மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் அருகிலும் இதே காத்திருப்பைப் பார்த்திருக்கிறேன். விளக்கு பல்லிக்கு இரையைக் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பொழுது பட்டதை அறிய அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையிலுள்ள பினியல் சுரப்பி இருட்டில் மெலடோனின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரந்து, பகலில் குறைத்துக்கொள்கிறது. கண்ணில் மட்டுமல்ல, ஊர்வனவற்றின் மூளைக்குள்ளும் ஒளியை உணரும் கலங்கள் உண்டு. ஓணானுக்கு உச்சந்தலையில் மூன்றாவது கண் போல ஒரு சிறு ஒளியுணர் உறுப்பும் இருக்கிறது. பல்லிக்கு அது இல்லை.

என்னை மிகவும் வியக்க வைப்பது பல்லியின் கண்தான். ஒரு மத்தியானம் சுவர்க் காலண்டரைத் தூக்கியபோது பின்னால் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கண்மணி நிமிர்ந்த மயிரிழை போல ஒடுங்கியிருந்தது. அன்றிரவு விறாந்தையில் பார்த்த பல்லியின் கண்ணிலோ கருமை விரிந்து, கண் முழுவதையும் நிறைத்திருந்தது. மனிதக் கண்மணியால் இவ்வளவு ஒடுங்கவும் விரியவும் முடியாது. இமை இல்லாததால் கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை. கண்ணின் மேலுள்ள கண்ணாடி போன்ற தோலை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்.

நம் விழித்திரையில் மங்கல் ஒளிக்குக் கோல்கலங்கள், நிறத்துக்குக் கூம்புக்கலங்கள் என இரு வகை உண்டு. நிலவொளியில் கூம்புக்கலங்கள் ஓய்ந்துவிடுவதால்தான் செவ்வரத்தம் பூவும் நமக்குக் கருமையாகத் தெரிகிறது. பல்லியின் கதை வேறு. அதன் மூதாதையர் பகலில் திரிந்த பல்லியினங்கள். கோல்கலங்களை இழந்து கூம்புக்கலங்களோடு மட்டும் வாழ்ந்தவை. அவற்றின் வழிவந்தவை இரவுக்கு மாறியபோது இழந்தது திரும்பி வரவில்லை. இருந்த கூம்புக்கலங்களே நீண்டு பருத்து, கோல்கலங்களின் வேலையையும் ஏற்றுக்கொண்டன. கோர்டன் வால்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1934இலேயே இப்படியொரு மாற்றம் நிகழ முடியும் என்று எழுதினார். 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஆபிரிக்கப் பல்லியினம் ஒன்றைச் சோதித்தார்கள். நம் கண்ணுக்கு நிறமே தெரியாத மங்கிய நிலவொளியில் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிந்தது. அந்தப் பல்லியினத்தின் கண், நிறம் காணும் எல்லையில் நம் கண்ணைவிட ஏறக்குறைய 350 மடங்கு நுட்பமானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும். தன் உடலில் சூடு உண்டாக்கிக்கொள்ளாத பிராணி இரவில் எப்படி அந்தப் பாய்ச்சல் பாய்கிறது? வன்னி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த சுவர் பொழுதுபட்ட பின்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பல்லி வயிற்றை அதில் ஒட்டிக்கொள்கிறது. மரப்பட்டைக்குள் ஒதுங்கும் பல்லிகளும் பகலில் சும்மா கிடப்பதில்லை. சூடு ஏற ஏற இடுக்குக்குள்ளேயே இடம் மாறிக்கொள்கின்றன. அதே தூரத்தைக் கடக்க, அதே அளவான பகல் ஓந்திகளைவிட இராப்பல்லிகளுக்குக் குறைந்த சக்தியே போதும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. குளிர்ந்த உடலோடும் அவை நெடுநேரம் திரிவது அதனால்தான்.

இரவுக்குப் போனவற்றில் சில மறுபடி பகலுக்கே திரும்பியும் இருக்கின்றன. வன்னிக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்தின் ரிட்டிகல மலையில் அப்படியொரு சிறு பகற்பல்லி இருக்கிறது. 2007இல்தான் அதை அறிவியல் தனி இனமாக விவரித்தது. பாறை நிழலில் பட்டப்பகலில் இரை தேடும் அதன் கண்மணி, நம்முடையது போலவே வட்டமானது.