செந்நிறக்கீழ்: 'அகச்சிவப்பு' ஏன் பிழை

கனிமப் பகுப்பாய்வு பற்றிய தமிழாக்கங்களில், அகச்சிவப்புக் கதிர் பாறையின் உள்ளே இருப்பதைக் காட்டும் என்கிற மாதிரி விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. அது தவறு. பாதிப் பழி அந்தச் சொல்லுக்கே.

ஆங்கிலத்தில் இது 'இன்ஃப்ராரெட்'. 'இன்ஃப்ரா' என்றால் இலத்தீனில் கீழே, 'ரெட்' சிவப்பு. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், பட்டகத்தில் பிரிந்த வெயிலில் வெப்பமானியை வைத்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் சூடு ஏறியது. அந்தக் கதிரின் அதிர்வெண் சிவப்புக்குக் கீழே. உள்ளே என்று பொருள்படுவது 'இன்ட்ரா'.

'புற ஊதா'வுக்கு ஜோடியாக 'அகச்சிவப்பு' வைத்தால் தமிழ்க் காதுக்கு இனிக்கும், சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒரு வீடு என்று கொண்டால், ஊதாவைத் தாண்டினால் வாசலுக்கு வெளியே, சிவப்பைத் தாண்டினால் கொல்லைக்கு வெளியே. இரண்டும் புறம்தான், ஒன்று மட்டும் எப்படி அகமானது? பழகிவிட்டதே என்பார்கள். 'அபேட்சகர்' கூடத்தான் பழகியிருந்தது. 'வேட்பாளர்' வந்து நிலைக்கவில்லையா? 'கீழ்ச்சிவப்பு' என்றாலும் அது ஏதோ ஒரு வகைச் சிவப்பு என்றே படும். இலங்கையில் வழங்கும் 'செந்நிறக்கீழ்' துல்லியமானது.

சொல் தவறினால் வேலையும் தவறும். பாறைத்துண்டில் செந்நிறக்கீழ் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதில் எந்த அலைநீளம் குறைகிறது என்று பார்ப்பதுதான் சுரங்கங்களில் பரவலான முறை. களிமண் கனிமமான கயோலினைட் 2200 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், வழுவழுப்பான மென்கனிமமான டால்க் 2300 பக்கம். கருவி படிப்பது மேற்பரப்பை மட்டுமே. 'அக'த்தை நம்பி, தூசியும் ஈரமுமான துண்டை வைத்தால் தூசியையும் நீரையும்தான் அளப்போம். அளவில் தப்பிய கனிமங்கள் அப்புறம் தாதுவை அரைத்து உலோகம் பிரிக்கும் ஆலையில் தெரியும்: களிமண் மிகுந்த கூழ் படிய மறுக்கும், நுரையில் ஒட்டவைத்துத் தாதுவைப் பிரிக்கும் நுரைமிதப்பில் டால்க் தானாக மிதந்து உலோகச் செறிவைக் கெடுக்கும், சுண்ணாம்புக் கனிமமான கால்சைட், உலோகத்தைக் கரைக்க ஊற்றும் அமிலத்தைக் குடித்துவிடும்.

'ஸ்பெக்ட்ரம்' என்பதற்கு வைக்கும் 'நிறமாலை'யும் இங்கே பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு நிறம் ஏது? 'செந்நிறக்கீழ் அலைமாலை ஆய்வு' என்று எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் 'கனிமம்', 'தாது' இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதையும் நிறுத்த வேண்டும். உலோகத்தை லாபமாக எடுக்க முடிந்தால்தான் தாது. செம்புத் தாதுவோடு கலந்து வரும் டால்க் வெறும் கனிமம். அதையும் தாது என்று எழுதினால், எதைப் பிரித்து எறியவேண்டும் என்பதே வாசிப்பவருக்குத் தெரியாது.