ஓடைக்கு மேல்பக்கம் யார் இருக்கிறார்கள்?

பொது சுகாதாரத் துறையில் இருபது வருடங்களுக்கு மேலாக மருத்துவராக இருக்கிறேன். ஆட்களை அடைத்தோ நெருக்கியோ தங்கவைத்திருக்கும் இடம் எதுவானாலும், அது வெள்ள நிவாரண முகாமோ கிளைச்சிறையோ மாணவர் விடுதியோ, போனவுடன் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் எங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நடந்தே பார்த்துவிடுவேன். நோயாளிகளைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

மேற்படிப்பு வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. எங்கள் பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இது கைதிகள் அடைபட்ட இடம். இந்த ஓடை மேற்கேயிருந்து கிழக்கே ஓடுது. காவல் படை முகாமையும் சமையல் கொட்டகையையும் எந்தப் பக்கம் வைப்பீங்க?" கிழக்கே என்று எல்லோரும் சொன்னோம். "அவங்க மேற்கே வைச்சாங்க" என்றார்.

அந்த நீள்சதுரத்தின் பெயர் ஆண்டர்சன்வில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்தில் தென்தரப்பு, அதாவது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள், திறந்த கைதி முகாம். சுற்றிலும் மரத்தூண் மதில், உள்ளே கூரை என்று ஒன்று கிடையாது. 10,000 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் ஆகஸ்டு மாதம் வடதரப்பின், அதாவது மத்திய அரசுப் படையின், சிப்பாய்கள் ஏறத்தாழ 33,000 பேர் இருந்தார்கள். மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு மரச்சட்ட வேலி ஓடியது. அதைத் தாண்டினால் காவலர் சுடுவார். ஆனால் அங்கே செத்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி இல்லை. முகாம் இயங்கிய 14 மாதங்களில் வந்துபோன சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். காரணம் வயிற்றுப்போக்கு, சீதபேதி, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி.

காவலர்களின் அழுக்கும் சமையல் கழிவும் கலந்த பிறகுதான் அந்த ஓடை மதிலுக்குள் நுழைந்தது. உள்ளே அதன் மேல்முனையில் குடித்தார்கள், நடுவில் குளித்தார்கள், கீழ்முனையில் மலம் கழித்தார்கள். மழை பெய்தால் கரை முழுக்கச் சேறு. நடக்கத் தெம்பில்லாதவன் கீழ்முனை வரை போகமாட்டான், இருந்த இடத்திலேயே ஒதுங்குவான். அடைபட்ட இடத்தில் நோய் பெருகுவது இப்படித்தான்.

சாப்பாடு இன்னொரு கதை. சக்கையோடு சேர்த்து அரைத்த, சலிக்காத மக்காச்சோள மாவு. ஏற்கெனவே புண்ணான குடலுக்கு அது அரம் மாதிரி. காய்கறி அநேகமாக இல்லை. என் பணிக்காலத்தில் ஸ்கர்வியை ஒரே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். தனியாக வசித்த ஒரு பெரியவர், மாதக்கணக்கில் டீயும் பன்னுமாகவே ஓட்டியிருந்தார். ஈறு பஞ்சு மாதிரி வீங்கி, விரல் பட்டாலே ரத்தம் வந்தது. காலில் அங்கங்கே கருநீலத் திட்டுகள். "பழைய வெட்டுக்காயம் மறுபடி வலிக்குதும்மா" என்றார். வைட்டமின் சி இல்லாவிட்டால் ஆறிய தழும்புகூடப் பிரிந்துவிடும். போரில் காயம்பட்டுப் பிடிபட்டவனுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் ஒரு நெல்லிக்காய் போதும், நோய் எட்டிப் பார்க்காது. எலுமிச்சைச் சாறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்பது 1864-இல் ஒன்றும் புதுச் செய்தி இல்லை. பிரிட்டிஷ் கடற்படை 1790-களிலேயே அதை மாலுமிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

தென்தரப்பிடம் இல்லாமைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா முகாமைப் பாருங்கள். அது வசதி படைத்த வடதரப்பு நடத்தியது. ஒரு வருடத்தில் சுமார் 12,000 கைதிகள், இறந்தவர்கள் ஏறத்தாழ 3,000. நம் ஆட்களை அங்கே பட்டினி போடுகிறார்கள், நாமும் இவர்களுக்குக் குறைப்போம் என்று 1864-இல் வடதரப்பு தன் கைதிகளின் உணவுப்படியை வெட்டியது. பிடிபட்டவன் வயிற்றில் பழிதீர்ப்பது எவ்வளவு சுலபம்! ஆண்டர்சன்வில்லின் தளபதி ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று தூக்கில் போட்டார்கள். எல்மைராவுக்காக யாரும் கூண்டில் ஏறவில்லை.

முகாம்கள் இப்படி நிரம்பி வழிந்ததற்கு ஒரு காரணம், கைதிப் பரிமாற்றம் நின்றுபோனது. 1862-இல் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக் கணக்குப் பார்த்து ஆட்களை மாற்றிக்கொண்டார்கள். ஒரு கேப்டனுக்கு ஆறு சாதாரணச் சிப்பாய்கள் என்பது மாதிரி. வடதரப்புக்காகப் போரிட்ட கறுப்பினத்தவரைச் சிப்பாய்களாகவே ஏற்கமாட்டோம் என்று தென்தரப்பு அடம்பிடித்தது. 1863-இல் அந்த ஏற்பாடு உடைந்தது.

உள்நாட்டுப் போரில் இந்தப் பேச்சு எப்போதும் வரும். எதிரில் நிற்பவன் சிப்பாயே இல்லை, துரோகி, குற்றவாளி என்பார்கள். போரில் சிக்கியவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில்கூட 'போர்க்கைதி' என்ற முழுத் தகுதி நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான். ஆனால் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு உள்நாட்டுப் போரையும் கட்டுப்படுத்துகிறது. ஆயுதத்தைப் போட்டவரை, காயம்பட்டவரை, பிடிபட்டவரை மனிதராக நடத்த வேண்டும், கொல்லவோ சித்திரவதை செய்யவோ கூடாது, காயத்துக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். இது அரசுப் படைக்கும் பொருந்தும், எதிர்த்துப் போராடும் அமைப்புக்கும் பொருந்தும். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் இந்தப் பிரிவை உரக்க வாசிக்கச் சொல்வேன். ஒரே பக்கம்தான்.

தண்ணீர், கக்கூஸ் இரண்டையும் பார்த்த பிறகு இப்போது மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறேன்: பதிவேடு. யார் வந்தார், யார் படுத்தார், யார் இறந்தார், எங்கே புதைத்தார்கள். ஆண்டர்சன்வில்லில் டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதியை இறந்தவர் பதிவேடு எழுத உட்காரவைத்தார்கள். அவர் ரகசியமாக இன்னொரு பிரதியும் எழுதி, விடுதலையானபோது வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டன் என்ற பெண்மணியும் அவரும் ஒரு ராணுவக் குழுவோடு அங்கே திரும்பிப் போய், பட்டியலை வைத்து ஒவ்வொரு கல்லறைக்கும் பெயர்ப்பலகை நட்டார்கள். கிட்டத்தட்ட 13,000 கல்லறைகளில் 460 மட்டுமே பெயரில்லாமல் மிஞ்சின.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017-இலிருந்து தாய்மார்கள் சாலையோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், தங்கள் கண் முன்னாலேயே ராணுவத்திடம் சரணடைந்த பிள்ளைகளும் கணவர்களும் அந்தப் படங்களில் உண்டு. வருடங்கள் ஓடிவிட்டன, அந்தத் தாய்மார்களில் பலர் பதில் தெரியாமலே இறந்தும் போய்விட்டார்கள். சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள் என்று மற்றவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.