கோடி இல்லாத ஏரி: வண்டியில் லித்தியம் பேட்டரி மாட்டுவதற்கு முன்

பழைய புல்லட்டின் 14 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) ஆசிட் பேட்டரியைக் கழற்றித் தூக்கினால் நாலரை, ஐந்து கிலோ கனக்கும். அந்த இடத்துக்கு வரும் லித்தியம் பேட்டரி ஒரு கிலோ சுமார்தான். செல்ஃபைத் தொட்டதும் இஞ்சின் விசுக்கென்று சுற்றும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, ஆசிட் வழிந்து சேசிஸை அரிக்கும் கவலையும் இல்லை. ஆனால் ஆசிட் பேட்டரி சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலையை இது செய்யாது.

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் கோடி போகும். தெற்கே இதை மறுகால் என்பார்கள். மிச்சத் தண்ணீர் அந்த வழியாகப் போவதால்தான் கரை நிற்கிறது. ஆசிட் பேட்டரிக்கும் அப்படி ஒரு கோடி உண்டு. அது நிறைந்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டே இருந்தால், அந்த மின்சாரம் உள்ளிருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிப்பதில் செலவாகிவிடும். பேட்டரி குமிழிவிடும், சூடாகும், தண்ணீர் இறங்கும், முற்றினால் அழுகிய முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாதுதான். ஆனாலும் நாள்கணக்கில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் அது சாகும்.

லித்தியம் செல்லில் இந்தக் கோடி கிடையாது. ஸ்டார்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், வரிசையில் நான்கு. ஒவ்வொன்றின் உச்சவரம்பும் சுமார் 3.65 வோல்ட், நான்கும் சேர்ந்தால் 14.6. அந்த எல்லையை எட்டும்போது செல் ஏறக்குறைய நிறைந்திருக்கும், அதனால் மேற்கொண்டு கொஞ்சம் ஏற்றினாலும் வோல்டேஜ் செங்குத்தாக எகிறும். பிறகு எதிர்மின்வாயில் உள்ள கிராஃபைட்டுக்குள் புக வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகப் படலமாகப் படியும், எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகும், பெட்டி உப்பும்.

ஆகவே பேட்டரி வாங்குமுன் பார்க்க வேண்டியது, பேட்டரிக்கு ஏறும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை. இருபது நிமிடம் வண்டி ஓட்டி இஞ்சின் சூடானதும், மல்டிமீட்டரைப் பேட்டரி முனையிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரை 4000 ஆர்பிஎம் வரை முறுக்குங்கள். 13.8 முதல் 14.4 வரை நின்றால் நல்லது. 14.6-ஐத் தாண்டினால் லித்தியம் பேச்சே வேண்டாம். சில பழைய வண்டிகளில் ரெகுலேட்டர் பேட்டரி வோல்டேஜை ஒரு தனி ஒயர் வழியாக, சாவி சுவிட்சைக் கடந்து அறிகிறது. அந்த சுவிட்சின் பித்தளைத் தொடர்பு கறுத்து 0.7 வோல்ட் அதில் இழப்பானால், ரெகுலேட்டர் ‘பேட்டரி குறைவாக இருக்கிறது’ என்று ஏமாந்து அதையும் சேர்த்து ஏற்றும். மீட்டரில் 15.1 காட்டும். ரெகுலேட்டரில் குற்றமே இல்லாமல் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். ஆசிட் பேட்டரி இருந்தவரை இது ‘தண்ணி சீக்கிரம் குறையுது’ என்ற அளவில் போயிருக்கும்.

மொத்தம் சரியாக இருப்பதும் போதாது. மூன்று செல் 3.5, நான்காவது 3.9 என்றாலும் கூட்டுத்தொகை 14.4தான். மீட்டர் சரி என்கிறது, ஒரு செல் மட்டும் எல்லை மீறி நிற்கிறது. இதைத் தடுக்கத்தான் உள்ளே பேலன்ஸ் போர்டு, நிறைந்த செல்லின் மிச்சத்தைச் சிறு ரெசிஸ்டர் வழியாக வடிக்கிறது. அது வடிப்பது மில்லி ஆம்பியர் கணக்கில், நம் ரெகுலேட்டர் தள்ளுவது பல ஆம்பியர். வாய்க்கால் ஆற்று வெள்ளத்தைத் தாங்காது. செல்ஃபின் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கும் கட்-ஆஃப் சர்க்யூட்டுக்குச் செலவாகும் என்பதால், மலிவான பேட்டரிகளை முழு பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் சர்க்யூட்) இல்லாமலே விற்கிறார்கள். கடையில் ‘பிஎம்எஸ் இருக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சார்ஜ் கூடினால் கட் ஆகுமா, பேலன்ஸ் மட்டும்தானா’ என்று கேளுங்கள்.

லேபிளில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. 12 ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டு, பக்கத்தில் சின்னதாக ‘பிபி ஈக்யூ’ என்று இருக்கும். ஈயப் பேட்டரிக்குச் சமம் என்று பொருள். செல்ஃப் சுற்றும் வலுவில் அது சமம்தான், உண்மைக் கொள்ளளவு 4 ஏஎச் சுமார். கடிகாரம், அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் குடித்தால், 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளில், பேட்டரி காலி. கம்மவான்பேட்டையில் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புகிறவர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போவார். காட்பாடி ஸ்டாண்டில் வாரக்கணக்கில் கிடக்கும் வண்டிக்கும் இதே கதி. நெகடிவ் முனையைக் கழற்றி வைப்பதே இதற்கு மருந்து. ஓய்வில் 12.8 வோல்ட் என்றால் ஆசிட் பேட்டரி நிறைவு, லித்தியமோ காலியை நெருங்கிவிட்டது. இரண்டையும் ஒரே கணக்கில் படிக்கக் கூடாது.

8 வோல்ட்டுக்கும் கீழே சரிந்து கிடந்த லித்தியம் பேட்டரியை எழுப்பப் பார்ப்பது ஆபத்து. அதில் ஒரு செல் பூச்சியத்தை ஒட்டிப் போயிருக்கலாம். அந்த நிலையில் எதிர்மின்வாயின் தாமிரத் தகடு கரையும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேறிடத்தில் படிந்து, இரு மின்வாய்களையும் பிரிக்கும் இடைத்திரையைத் துளைத்து உள்ளேயே ஷார்ட் ஆகும்.

பேட்டரிக் கடையில் ‘சார்ஜுக்குப் போட்டு’ வருவதும் கூடாது. அங்கே பல பேட்டரிகளை வரிசையாகக் கோத்து இரவு முழுக்க ஒரே மின்னோட்டம் விடுவார்கள். நம் லித்தியம் நிறைந்து பிஎம்எஸ் திறந்துகொண்டால், வரிசை அறுந்து, சார்ஜரின் உபரி வோல்டேஜ் பிஎம்எஸ்ஸில் சுவிட்சாக இருக்கும் சிறு மாஸ்ஃபெட்களின் மேல் விழும். மாஸ்ஃபெட் கருகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகவே நிற்கும். காவல்காரன் செத்தான், கதவு திறந்தே கிடக்கிறது. ‘டீசல்ஃபேஷன்’ (ஈயத் தகட்டில் படிந்த சல்ஃபேட்டை நீக்குவது) பொத்தான் உள்ள சார்ஜரையும் தொட வேண்டாம், அது 15 வோல்ட்டுக்கு மேல் துடிப்புகள் அனுப்பும். நெடுஞ்சாலையில் லாரியிடம் ஜம்ப் கேட்பவர்கள், அது 24 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது.

வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுவதில் உண்மை உண்டு. சித்திரையில் 40 டிகிரி தாண்டும்போது சீட்டுக்கடியில் அதற்கும் மேல். உடனே வெடிக்காது, ஆயுள்தான் கரையும். காரில் நிலைமை மோசம்: பானெட்டுக்குள் இஞ்சினை ஒட்டிப் பேட்டரி இருந்தால் லித்தியத்துக்கு அது இடமே இல்லை. போர்ஷே 2009-இல் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை அறிவித்தபோது, உறைபனியில் பலம் குறையும் என்பதால் கூடவே ஓர் ஈயப் பேட்டரியும் கொடுத்தது. நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை.

2022 மார்ச்சில் வேலூரில் மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து இருவர் இறந்த பிறகு, லித்தியம் என்றாலே பலருக்கு அந்தப் பயம். ஸ்கூட்டரை ஓட்டும் பேட்டரியும் ஸ்டார்ட்டர் பேட்டரியும் அளவில் வேறு. இரும்பு பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், கோபால்ட் வகை லித்தியம் செல் போல எளிதில் ஆக்ஸிஜனை விடாது. 2013-இல் போயிங் 787 விமானங்களைத் தரையிறக்கிய பேட்டரிகள் கோபால்ட் வகை. ஆனால் எலக்ட்ரோலைட் இதிலும் எரியும் திரவமே. சீட்டுக்கடியில் வெள்ளைப் புகை கிளம்பினால் அது நீராவி அல்ல. எரியக்கூடியது, நச்சு, அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும். சாவியை அணைத்து, புகை உங்கள் மேல் வராதபடி, காற்று வீசி வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் அடித்தால்தான் சூடு தணியும், தீயணைப்பான் பவுடர் சுடரை மட்டும் அணைக்கும்.

உப்பிய பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், குத்தியும் பார்க்காதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, திறந்தவெளியில் மணல் வாளியில் வையுங்கள். எடைக்குப் போடும் பழைய ஈயப் பேட்டரிக் குவியலில் இது கலந்தால், உடைக்கிறவர் அதையும் ஈயம் என்று நினைத்துச் சம்மட்டியால் அடிப்பார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள்.