கிராவல்: செம்மண்ணா, சரளையா?

தமிழ்நாட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'கிராவல்' என்று சொல்லிப் பாருங்கள். 'எத்தனை யூனிட்?' என்று கேட்பார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பர் லாரியிலிருந்து இறங்குவது சிவந்த மண். அதில் அங்கங்கே துரு நிறத்தில் சிறு கற்கள் கலந்திருக்கும். அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பவும் தரையை உயர்த்தவும் அதைக் கொட்டுவார்கள். செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் 'கிராவல் மண் கடத்தல்' இதைத்தான் குறிக்கிறது.

இதை மறந்துவிட்டு, மலைநாட்டுச் சைக்கிள் பயணம் பற்றிய ஒரு கட்டுரையில், தார் போடாத கல்சாலைகளில் ஓட்டும் சைக்கிளை நான் 'கிராவல் பைக்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் தாளின் ஓரத்தில் 'மண் அள்ளும் வண்டியா?' என்று குறித்து அனுப்பிவிட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்து வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. அது புறப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

பழைய பிரெஞ்சில் 'கிராவ்' என்றால் பருமணல் கிடக்கும் கரை. அதன் சிறுமை வடிவமான 'கிராவெல்' 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கும் பின்னால் கெல்டிக் மொழி வேர் ஒன்று இருப்பதாகச் சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகிறார்கள். பிரெஞ்சிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்பின் கதை இன்னும் சுவையானது. பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் 'கிரேவ்' என்ற பெயரில் ஒரு திடல் இருந்தது. ஆற்று மணலும் சரளையும் கிடந்த கரை என்பதால் வந்த பெயர். வேலை தேடுகிறவர்கள் அங்கேதான் கூடி நிற்பார்கள். பின்னாளில் பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கே 'கிரேவ்' என்று பெயராகிவிட்டது. ஆக, வேலைநிறுத்தமும் சரளைக்கல்லும் பங்காளிகள். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் சிறுநீரகக் கல்லையும் 'கிராவல்' என்றார்கள். நாம் கல்லடைப்பு என்கிறோம்.

சைக்கிளோடு இந்தச் சொல் சேர்ந்தது மிக அண்மையில். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பண்ணைகளுக்கு இடையே ஓடும் சாலைகளில் பெரும்பகுதிக்குத் தார் கிடையாது. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டு 34 பேர் அப்படிப்பட்ட சாலைகளில் 200 மைல் பந்தயத்துக்குப் புறப்பட்டார்கள். அந்த வட்டாரத்தின் பெயர் பிளின்ட் ஹில்ஸ், தமிழில் சொன்னால் சக்கிமுக்கி மலை. சுண்ணாம்புப் பாறை கரைந்துபோக, அதற்குள் இருந்த சக்கிமுக்கிக் கல் மட்டும் மிஞ்சி மண்ணெல்லாம் கலந்து கிடக்கிறது. கலப்பை இறங்கவில்லை; அதனால்தான் அங்கே நெடும்புல்வெளி பிழைத்தது. ஏர் மட்டுமல்ல, டயரும் அந்தக் கல்லுக்குத் தப்புவதில்லை. கத்தி போலக் கிழித்துவிடும். உலக சைக்கிள் கூட்டமைப்பு 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் 'கிராவல்' உலகப் போட்டியை நடத்தியபோது, ஊர்ப்புறச் சாலை ஒன்றின் பெயர் ஒரு விளையாட்டின் பெயராக உறுதிப்பட்டது.

வண்டியும் அந்தச் சாலைக்கு ஏற்றபடி அமைந்தது. பார்வைக்குப் பந்தயச் சைக்கிள், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் உண்டு. டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் சுமாருக்கு அகன்றிருக்கும், காற்றும் குறைவாகவே அடிப்பார்கள். செங்குத்தான ஏற்றத்தில் சரளை வழுக்கும்போது எழுந்து நின்று மிதிக்க முடியாது. பின்சக்கரம் சும்மா சுழலும். அதனால் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறும் அளவுக்கு மிக இலேசான கியர் வைத்திருப்பார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

முதலில் நினைவுக்கு வருவது ஜல்லி. அது பொருந்தாது. ஜல்லி என்பது பாறையை உடைத்து அளவு பார்த்துச் சலித்தது: முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி. கான்கிரீட் கலவைக்கு உரியது. சாலையில் அதை மட்டும் கொட்டிவிட்டுப் போனால் (ஒப்பந்ததாரர் அப்படிப் போவது நம் ஊரில் உண்டு) சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கூழாங்கல்லும் பொருந்தாது. ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. சக்கரம் ஏறினால் உருண்டு விலகும்.

கப்பி கொஞ்சம் நெருங்கி வருகிறது. மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கும் குருணையும் கப்பிதான், சாலைக்குப் போடும் உடைகல்லும் கப்பிதான். பொறியாளரும் கிராவலைச் சல்லடை கொண்டுதான் வரையறுக்கிறார் என்பதைப் பார்க்கும்போது இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஆசை வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கி, 80 மில்லிமீட்டருக்கு மேல் போகாத கல் அது. ஆனால் கப்பிச்சாலை என்றால் கல்லைப் பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய சாலை என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. பெரும்பாலும் அது தார் போடுவதற்கு முந்தைய நிலை. 'எப்போது தார் போடுவார்கள்?' என்ற ஏக்கம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராவல் சைக்கிள்காரரோ தார் போடவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறவர்.

பழைய சொற்களும் இருக்கின்றன. சங்கப் பாடல்கள் பாலை வழியைச் சொல்லும் இடங்களில் பரல் வரும், முரம்பும் வரும். பரல் என்பது பருக்கைக்கல். முரம்பு என்பது பரல் நிறைந்த வன்னிலம். சிலம்புக்குள் ஒலிக்கும் மணிக்கும் பரல் என்று பெயர் இருப்பதால், சக்கரத்தடியில் நறநறவென்று கேட்கும் ஓசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. முரம்பைப் பார்க்கும்போது தெலுங்கு 'மொரம்', மராத்தி 'முரூம்' இரண்டும் கூடவே ஞாபகம் வரும். இரண்டும் சாலைக்குப் போடும் சரளை மண்தான். இருந்தாலும் 'பரல் மிதிவண்டி' என்று இன்று எழுதினால் வாசகர் அகராதியைத் தேடிப் போவார். பாட்டுக்கு ஆகும், பயணக் குறிப்புக்கு ஆகாது.

மிஞ்சுவது சரளை. உடைத்ததும் உருண்டதுமாக, பொடியும் மண்ணும் கலந்து, கிடந்தபடி கிடக்கும் சிறுகல். நல்ல கிராவல் சாலையும் அந்தக் கலவைதான். கல் மட்டும் இருந்தால் சிதறும், மண் மட்டும் இருந்தால் மழையில் சேறாகும். களிமண் பிசுக்கு கல்லைப் பிடித்துவைக்கிறது. அப்படி ஒரு சாலையைக் குனிந்து பார்த்தால் தெரியும்: வண்டிச் சக்கரம் போன இரண்டு கோடுகள் கெட்டித்துப் பளபளக்கும், நடுவிலும் ஓரங்களிலும் ஒதுங்கிய கல் வரப்பு போல நிற்கும். அனுபவசாலி அந்தக் கோட்டை விட்டு விலகமாட்டார். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு மாறும்போது முன் பிரேக்கைத் தொட்டவர்களின் முழங்கையில் சரளை பதிந்திருக்கும். என்னிடமும் ஒரு தழும்பு உண்டு. வடசொல்லான சரளத்தோடு சரளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சரளையில் சரளமாகப் போவது சிலருக்கே வாய்க்கும்.

இன்னொரு சிக்கல், இந்த வழிகளுக்குக் கொடுக்கும் அடைமொழி. ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து 'போக்குவரத்து இல்லாத பாதை' என்கிறார்கள். சைக்கிள் போய்வருவது போக்குவரத்து இல்லையா? ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள காலோவே மலைக்காட்டை எடுத்துக்கொள்வோம். தேசிய சைக்கிள் வழிகளில் 7ஆம் எண் வழி கிளென்ட்ரூலிலிருந்து லாக் டீ ஏரியை ஒட்டிக் கிளாட்டரிங்ஷாஸ் நீர்த்தேக்கம் வரை காட்டுச் சரளைத்தடத்தில் போகிறது. மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட தடம் அது. மரம் வெட்டாத நாளில் நடப்பவரும் மிதிப்பவரும் மட்டுமே போவார்கள். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் பெரும்பாலான நிலங்களின் வழியே செல்லும் உரிமையைத் தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. வேறுபாடு மோட்டாரில்தான் இருக்கிறது. ஆகவே 'மோட்டார் புகாத் தடம்' என்பதே சரி.

இதற்குக் கொங்கு நாட்டு 'இட்டேரி'யை வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலி நெருங்க, மாடும் மனிதரும் போகும் சந்து அது. அருமையான சொல்தான். ஆனால் வேலியே இல்லாத காலோவே காட்டுத்தடத்தை இட்டேரி என்றால் காங்கேயத்துக்காரர் சிரிப்பார். அதனால் நான் எழுதும்போது சாலைக்குச் சரளைச்சாலை, வண்டிக்குச் சரளை மிதிவண்டி, மலைக்குள் போகும் வழிக்கு மோட்டார் புகாச் சரளைத்தடம் என்று வைத்துக்கொண்டேன். மெய்ப்புப் பார்ப்பவரும் இதுவரை எதுவும் கேட்கவில்லை.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு எழுதினால் மட்டும் இதை வலியுறுத்தமாட்டேன். அங்கே 'கிறவல் வீதி' என்றாலே தார் இல்லாத அந்தச் சாலைதான் கண்முன் வரும். நடுவில் டிப்பர் லாரி வந்து நிற்காது. மிதிவண்டி என்பதையும் துவிச்சக்கரவண்டி என்று மாற்றினால் போதும்.