கொழுப்புக்குள் ஒளியும் கிருமி

“பால் கட்டிக்கிச்சுங், மூணு தடவை கீறி விட்டாச்சு, ஆறவே மாட்டீங்குதுங்” என்றார், மருமகளை எங்கள் லேபுக்குக் கூட்டி வந்த காங்கயத்து அம்மா. விசாரித்தால், மருமகள் பிள்ளைக்குப் பால் மறக்கடித்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்புறம் எங்கே பால் கட்டுவது?

பால் கொடுக்கும் காலத்தில் மார்பில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் காரணம். சீழை எடுத்துவிட்டு சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கிவிடும். அப்படி அடங்காமல் ஒரு பக்கம் ஆறினால் இன்னொரு பக்கம் உடைந்து, சுற்றிலும் கல் மாதிரி இறுகிக்கொண்டே போகிறது என்றால் வேறு ஆளைத் தேட வேண்டும். பெருந்துறையில் டிபி ஆஸ்பத்திரியால் சானிடோரியம் என்று ஓர் இடத்துக்கே பெயர் நின்றுவிட்ட எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் டிபி மேல் போகும், போகவும் வேண்டும். புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும். அதனால் சதையில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பார்க்காமல் எதையும் முடிவு செய்வது தப்பு.

இந்த இரண்டும் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவர்களில் ஒருவர் கோரினிபாக்டீரியம் குரோப்பென்ஸ்டெட்டி என்ற கிருமி. 1998இல் ஒரு நோயாளியின் சளியிலிருந்து பிரித்துப் பெயர் வைத்தார்கள். இதற்குக் கொழுப்பு வேண்டும், மார்பிலோ அதற்குப் பஞ்சமில்லை. பயாப்ஸித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நடுவில் வட்டமாக ஒரு வெற்றுக் குழி தெரியும். அது கொழுப்புத் துளி இருந்த இடம். குழியைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்திருக்கும், அதற்கும் வெளியே கிரானுலோமா என்கிற அணுக்களின் மதில். கிராம் சாயம் போட்டுப் பொறுமையாகத் தேடினால் அந்தக் குழிக்குள் ஊதா நிறத்தில் குச்சி மாதிரி நாலைந்து கிருமிகள் கிடக்கும், சில துண்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காது.

கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். செம்மறி ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் சீழைத் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதிவிடுவது வழக்கம். இதுவோ மெதுவாக வளர்கிற ஜாதி. வளர்ந்தாலும், இந்தக் குடும்பத்துக் கிருமிகள் தோலில் சாதாரணமாகவே இருப்பவை என்பதால் ‘தோலிலிருந்து ஒட்டியது’ என்று ஒதுக்கிவிடுவார்கள், நானே ஒதுக்கியிருக்கிறேன். தட்டில் ட்வீன் 80 என்ற கொழுப்புச் சத்துள்ள திரவம் கொஞ்சம் சேர்த்து ஒரு வாரமாவது வைத்திருக்க வேண்டும். அதற்கு டாக்டர் சீட்டில் சந்தேகத்தை ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், யாரும் எழுதுவதில்லை.

சரி, மருந்து ஏன் கேட்பதில்லை? காங்கயத்து எண்ணெய் மில்லில் வேலை செய்த கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்கு நகராது. பென்சிலின் வகை மருந்துகள் தண்ணீரோடு சேருபவை. லேப் தட்டில் கிருமியைக் கொன்றாலும் உடம்பில் கொழுப்புத் துளிக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. டாக்ஸிசைக்ளின், கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின் போன்றவை கொழுப்பில் கரைபவை என்பதால் உள்ளே நுழையும், ஆனாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். கிரானுலோமா வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் கொடுப்பார்கள், அது டிபி இல்லை என்று உறுதியான பிறகுதான். இல்லாவிட்டால் உறங்குகிற பாம்பைத் தட்டி எழுப்பிய கதையாகிவிடும். திரும்பத் திரும்பக் கீறுவதால் புதுப்புது ஓட்டைகள்தான் மிச்சம்.

அந்த மருமகளின் தட்டில் நான்காம் நாள் காலையில்தான், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, ஊசிமுனை அளவில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. மருந்து மாறியது. ஓட்டை மூட நாலு மாதம் பிடித்தது, கீறிய தழும்புகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன.