பால்சம் என்றால் காசித்தும்பை

நர்சரிகளில் ‘பால்சம்’ என்று எழுதி விற்கும் பூச்செடிக்குப் பழகிய தமிழ்ப் பெயர் உண்டு: காசித்தும்பை. மலையாளத்திலும் இதே பெயர்தான்.

‘பால்சம்’ முதலில் செடியின் பெயரே அல்ல. கிரேக்கத்தில் பால்சமோன், லத்தீனில் பால்சமும். வேர் ஹீப்ரு, அரபு போன்ற செமிட்டிக் மொழிகளில் இருக்கிறது. வெள்ளைப்போளத்தின் இனத்தைச் சேர்ந்த அரேபியச் சிறுமரம் ஒன்றிலிருந்து வடியும் நறுமணப் பிசினைக் குறித்த சொல் அது. அந்தப் பொருளில் வந்தால், தமிழ் விவிலியத்தில் உள்ள ‘பிசின் தைலம்’ என்பதே சரி. காசித்தும்பையில் அப்படிப்பட்ட பிசின் கிடையாது. அகராதியைப் பார்த்துச் செடிக்குப் ‘பிசின்செடி’ என்று புதுப்பெயர் சூட்டுவது பிழை.

தாவரவியலில் இது இம்பேஷன்ஸ் பால்சமினா. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர். முதற்சொல்லுக்கு லத்தீனில் ‘பொறுமையற்றது’ என்று பொருள். முற்றிய காயைத் தொட்டால் அதன் ஐந்து தோல்களும் சட்டென்று சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். விதை வேண்டுவோர், காய் பருத்து வெளிறத் தொடங்கும்போதே உள்ளங்கையால் பொத்திப் பறிக்க வேண்டும். தாமதித்தால் விதை மண்ணுக்குத்தான். தொட்டாற்சுருங்கி வேறு செடி, அதில் சுருங்குவது இலை.

தும்பையும் வேறு. தொல்காப்பியத்தின் தும்பைத் திணைக்குப் பெயர் தந்த வெண்பூச்செடி துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கைவைத்தியத்தில் ‘தும்பைச்சாறு’ என்றிருந்தால் காசித்தும்பையைப் பிழிந்துவிடக் கூடாது.

இந்தியில் இதை குல்மெஹந்தி, அதாவது மருதாணிப்பூ என்பார்கள். அருமையான பெயர்: மருதாணியைச் சிவக்கவைக்கும் லாசோன் என்ற நிறமி இதிலும் இருக்கிறது. கொரியாவில் பொங்சொன்ஹ்வா என்ற பெயரில், நகத்துக்கு நிறமேற்ற இதை வீட்டு முற்றத்தில் வளர்த்தார்கள். ஒரு கைப்பிடி இதழும் நாலைந்து இலையும் எடுத்து, பட்டாணியளவு படிகாரத்தூளோடு நீர் விடாமல் நசுக்க வேண்டும். இலையை விட்டுவிட வேண்டாம், நிறமி அதிலும் உண்டு. விழுதை நகத்தின் மேல் மட்டும் வைத்து, இலையால் சுற்றி நூலால் கட்டி இரவு முழுக்க விட வேண்டும். படிகாரம் இல்லையென்றால் நிறம் வெளிறும். விழுது நீர்த்துப்போனால் வழிந்து விரலெல்லாம் கறையாகும். நகத்தைச் சுற்றி முன்பே சிறிது எண்ணெய் தடவினால் தப்பலாம், நகத்தின் மேல் எண்ணெய் பட்டால் நிறம் பிடிக்காது. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் படிகாரம் எரியும்.

ஏறிய செம்மஞ்சள் கழுவினாலும் போகாது, நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை நிற்கும். கோடையில் இட்ட நிறம் முதல் வெண்பனி விழும்வரை நுனியில் மிஞ்சினால் முதற்காதல் கைகூடும் என்பது கொரியப் பெண்களின் நம்பிக்கை.